பிள்ளையின் காலை அமுக்கக் கொடுப்பதற்கு முன்

பள்ளிக்கரணை, மேடவாக்கம், சேலையூர் பக்கம் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பிள்ளைக்கு முழங்காலில் வலி. கோச் ஓர் இடத்தைக் காட்டுகிறார். அங்கே 'மயோஃபேஷியல் ரிலீஸ்' என்று பத்து சிட்டிங் பேக்கேஜ். பணம் யாரோ ஒருவரின் சொந்த நம்பருக்கு ஜிபேயில் போகிறது. பில் கிடையாது. அமுக்கியவர் என்ன படித்தவர் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை நொண்ட ஆரம்பித்த பிறகுதான் எலும்பு டாக்டரிடம் ஓடுகிறார்கள்.

சிகிச்சையே பொய் என்று நான் சொல்லவில்லை. தசைகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்தின் மேல் நிதானமாக அழுத்தம் கொடுத்து இறுக்கத்தைத் தளர்த்தும் முறை இது. கையால் செய்யலாம், ஃபோம் ரோலரில் பிள்ளை தானே உருண்டும் செய்யலாம். கடும் பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி கொஞ்சம் தணியும், மூட்டு சிறிது நேரம் கூடுதலாக வளைந்து கொடுக்கும். ஆய்வுகளில் தெரியவரும் பலன் ஏறக்குறைய அவ்வளவுதான். உயரம் கூடும், கிழிந்த லிகமெண்ட் சேரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வளரும் வயதில் வரும் வலி பல நேரம் தசையில் இல்லை, எலும்பில் இருக்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் புடைப்பும் வலியும் வந்தால் அது பெரும்பாலும் ஆஸ்குட்-ஷ்லாட்டர்; குதிகாலில் வந்தால் சீவர். ஓடிக் குதிக்கும் பிள்ளைகள் வேகமாக வளரும் பருவத்தில் வருபவை இவை. ஆட்டத்தைக் குறைப்பதும், ஐஸ் வைப்பதும், பிசியோ சொல்லித்தரும் பயிற்சியும்தான் இவற்றுக்கு வழி. நோகிற அந்த மேட்டையே கட்டைவிரலால் குத்தி அமுக்கினால் வலி கூடும். அடிபட்டுத் தொடையில் ரத்தம் கட்டியிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால், அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு படியும் அபாயம் உண்டு. கணுக்கால் பிசகிய பிள்ளையால் நான்கு அடி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால், சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள். எக்ஸ்ரே எடுக்கப் போங்கள்.

இன்னொன்று, பயமுறுத்த அல்ல, தெரிந்திருக்க வேண்டியதால் சொல்கிறேன். தூக்கத்தைக் கலைக்கும் வலி, ஆடாத நாளிலும் குறையாத வலி, முழங்காலுக்குச் சற்று மேலோ கீழோ பெரிதாகிக்கொண்டே வரும் வீக்கம்: இவற்றில் எது இருந்தாலும் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் அரிதானது. ஆனால் அது அதிகம் வருவது பதின்வயதில், அதுவும் முழங்காலைச் சுற்றித்தான். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அடையாற்றில் இருக்கிறது. நம் வாசலுக்கு இத்தனை அருகில் அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் எண்ணெய் தேய்ப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதலில் டாக்டர், பிறகுதான் அமுக்கல். செலவுக்குப் பயந்தால் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது, கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் பிசியோதெரபி இருக்கிறது.

இனி காகிதங்கள். சிகிச்சை தரும் தனியார் நிலையம் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். நுழைந்தவுடன் சுவரைப் பாருங்கள். மாநகராட்சியின் தொழில் உரிமத்தைக் காட்டி 'லைசென்ஸ் இருக்கு' என்பார்கள். அது மருத்துவப் பதிவு ஆகாது. கை வைப்பவர் பிசியோதெரபிப் பட்டமான பி.பி.டி. படித்தவரா, எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்று கேளுங்கள். இரண்டு நாள் பயிலரங்கில் வாங்கிய சான்றிதழ் பட்டமல்ல. தொக்கணம், வர்மம் என்று சித்த மருத்துவரிடம் போனாலும் இதே கேள்விதான்: பட்டமும் பதிவு எண்ணும் எங்கே? தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கும்போது, பதிவில்லாத கையை நம்பவேண்டிய கட்டாயம் இந்தப் பகுதியில் யாருக்கும் இல்லை.

பிசியோதெரபி உள்ளிட்ட தொழில்களை ஒழுங்குபடுத்த மத்தியச் சட்டம் வந்தது 2021-இல். மாநிலங்கள் கவுன்சில் அமைக்காமல் இழுத்தடித்தன; 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கெடு விதிக்க வேண்டியிருந்தது. புகார் வந்தால் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளை நம்பிப் பிள்ளையின் காலைக் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஸ்பீடு போஸ்ட்டில் மனு அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்: "கீழ்க்கண்ட முகவரியில் இயங்கும் நிலையம் 1997 சட்டத்தின் கீழ் பதிவு பெற்றுள்ளதா? பதிவு எண், தேதி, அனுமதிக்கப்பட்ட சிகிச்சைகள், கடைசியாக ஆய்வு நடந்த தேதி ஆகியவற்றைத் தருக." 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஒப்புதல் படிவத்தை யாரும் படிப்பதில்லை. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் இந்தச் சிகிச்சை கூடாது. உடலில் எந்தெந்த இடம், கையாலா, ரோலராலா, மசாஜ் கன்னா, ஊசியா, யார் செய்வது, யார் கூட இருப்பது எல்லாம் எழுதியிருக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அறையில் அம்மாவோ அப்பாவோ இருக்க வேண்டும். கதவைத் தாழிடக் கூடாது. பெற்றோர் சம்மதத்தோடு நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும்தான் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 41-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆட்டம் முடிந்ததும் கோச்சோ பி.டி. சாரோ தனியறையில் தொடையை நீவிவிடுவது அதில் அடங்காது. பிள்ளை சங்கடப்பட்டுச் சொன்னால் நம்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். 'பெயர் கெட்டுவிடும்' என்று மறைக்கும் பள்ளி நிர்வாகமும் சட்டப்படி குற்றவாளிதான்.

அமுக்கிய பிறகு வீக்கம், மரத்துப்போதல், சிறுநீர் கறுப்பாகப் போதல் இருந்தால் அன்றே மருத்துவமனை. அங்கே யார், எங்கே, எப்போது, என்ன செய்தார் என்பதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல்தான் பாதிப் புகார்கள் விழுந்துவிடுகின்றன.

புகார் கொடுப்பதில் எல்லைக் குழப்பம் வேறு. பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியின் பெருங்குடி மண்டலம். பக்கத்து மேடவாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். காவல்துறைக்கு இரண்டும் தாம்பரம் ஆணையரகம். அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவார்கள். நிலையம் இருக்கும் மாவட்டத்தின் நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் புகாரும், இயக்ககத்துக்கு நகலும் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் அந்தச் சிக்கல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. வழி தெரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். பில், பணம் போன ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, எக்ஸ்ரே, எலும்பு டாக்டரின் எழுத்துமூலமான கருத்து வேண்டும். டாக்டர் கருத்து இல்லாத மனு நிற்பது கடினம். பில் தராத இடத்தில் முதல் சிட்டிங்கே வேண்டாம் என்று சொல்கிறேன். காலக்கெடு, பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. பொதுத்தேர்வு முடியட்டும், சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.