பெனால்டி அடிப்பது காலா? மனசா?

கால்பந்தில் ரொம்ப சுலபமான கோல் எது என்று கேட்டால் பெனால்டி என்றுதான் எல்லாரும் சொல்லுவோம். பந்து ஆடாமல் நிற்கிறது. 11 மீட்டர் தூரத்தில் கோல். அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நடுவில் ஒரே ஒரு கோல்கீப்பர். வேகமாக உதைத்த பந்து அரை நொடிக்குள்ளே போயிடும். பந்தைப் பார்த்துட்டுத் தாவினால் லேட், அதனால் அவர் ஊகிச்சுத்தான் தாவணும். அப்புறம் ஏன் பெரிய பெரிய வீரர்களே கோட்டை விடுகிறார்கள்?

பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், தசை இறுகிப் போகும். தினமும் யோசிக்காமல் உதைக்கிற காலை, "சரியா வைக்கிறோமா?" என்று மனசு கவனிக்க ஆரம்பிக்கும். சைக்கிள் ஓட்டும்போது பெடலையே பார்த்தால் தடுமாறுமே, அது மாதிரிதான். இதோடு, சீக்கிரம் முடிஞ்சா போதும் என்ற அவசரமும் சேர்ந்துக்கும்.

நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் கெயிர் யோர்டெட் நிறைய பெனால்டி வீடியோக்களைப் பார்த்து ஆராய்ந்தார். விசில் ஊதியதும் அவசரமாக ஓடி உதைப்பவர்கள்தான் அதிகம் தவற விடுகிறார்களாம். அதிலும் இங்கிலாந்துக்காரர்களுக்கு அவசரம் ஜாஸ்தி. உலகக் கோப்பையில் 1990, 1998, 2006 என்று மூன்று முறையும் அவர்கள் பெனால்டியில்தான் தோற்று வெளியேறினார்கள்.

1996 யூரோ கோப்பை அரையிறுதியில் பெனால்டியைத் தவற விட்ட காரெத் சவுத்கேட்தான் பிறகு இங்கிலாந்தின் பயிற்சியாளர் ஆனார். பெனால்டி என்றால் லக்கு என்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. களைத்துப் போன பிறகு அடித்துப் பழக வைத்தார். அவசரப்படாமல், மூச்சை நன்றாக இழுத்து விட்டு அடிக்கப் பழக்கினார். 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவை 4-3 என்று பெனால்டியில் ஜெயித்தார்கள்.

கோல்கீப்பருக்கும் மனசு விளையாட்டு உண்டு. 2006 காலிறுதியில் ஜெர்மனியின் லேமன், அர்ஜென்டினாவில் யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று எழுதிய துண்டுச் சீட்டை காலுறையில் வைத்திருந்தார். (பரீட்சை பிட்டு இல்லை டீச்சர்!) கடைசியாக வந்த காம்பியாசோவின் பெயர் அதில் இல்லவே இல்லை. ஆனாலும் லேமன் அதை எடுத்து நிதானமாகப் படித்தார். காம்பியாசோ அடித்த பந்தைத் தடுத்தும் விட்டார்.

நம்ம மைதானத்தில் பெனால்டி விட்டவங்களுக்கு ஒரு வாரம் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம். அடுத்த மேட்சில் அவங்க பந்து பக்கமே வரமாட்டேங்கறாங்க. பாதி பயத்தை நாமதான் கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2021-இல் நடந்த யூரோ இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் கடைசி பெனால்டியை அடித்தவர் புகாயோ சாகா. வயது 19. இத்தாலி கோல்கீப்பர் தடுத்துவிட்டார். தவற விட்ட மூன்று பேரையும் நிறத்தைச் சொல்லி இன்டர்நெட்டில் திட்டித் தீர்த்தார்கள். அடிப்பவர்களைத் தேர்ந்தெடுத்தது நான், பொறுப்பு என்னுடையது என்று சவுத்கேட் சொல்லிவிட்டார். 2024 யூரோ காலிறுதியில் சுவிட்சர்லாந்தோடு திரும்பவும் பெனால்டி வந்தது. சாகா நடந்து போனார், பந்தை வைத்தார், அடித்தார். கோல்! அன்றைக்கு இங்கிலாந்து அடித்த ஐந்துமே கோல்.