குதிரை ஒன்று, பிரதிகள் நூறு: கவ்பாய் வெண்கலச் சிலைகளின் 'லிமிடெட் எடிஷன்' கணக்கு என்ன?

அமெரிக்க அதிபர் வெளிநாட்டுத் தலைவர் யாரையாவது சந்திக்கும் புகைப்படம் அடுத்த தடவை கண்ணில் பட்டால், ஆட்களை விட்டுவிட்டு அறையைக் கொஞ்சம் கவனியுங்கள். பல அதிபர்களின் காலத்தில் ஓவல் அலுவலகத்தில் இரண்டடி உயர வெண்கலச் சிலை ஒன்று இருந்திருக்கிறது. பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் முரட்டுக் குதிரை. அதன் முதுகில் ஒரு கவ்பாய். ஒரு கால் அங்கவடியிலிருந்து நழுவிவிட்டது, இருந்தாலும் ஆள் விழவில்லை.

அந்தச் சிலையின் பெயர் 'தி பிராங்கோ பஸ்டர்'. அடங்காத குதிரையை அடக்குகிறவன் என்று அர்த்தம். செய்தவர் ஃப்ரெடரிக் ரெமிங்டன், ஆண்டு 1895.

இப்போது ஏதாவது ஓர் ஆன்லைன் விற்பனைத் தளத்தில் அதே பெயரைத் தேடிப் பாருங்கள். அதே குதிரை, அதே கவ்பாய், பீடத்தில் அதே ரெமிங்டன் கையெழுத்து. விலை சில நூறு டாலர்தான். அதே சிற்பியின் இன்னொரு படைப்பான 'கமிங் த்ரூ தி ரை', 2017-ல் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடி டாலருக்கும் மேல் போனது. ஒரே சிற்பி, ஒரே கையெழுத்து, ஒரே உலோகம். அப்படியானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

கவ்பாய் சிலைகள் சேகரிப்பது அமெரிக்காவில், குறிப்பாக டெக்சாஸ், ஓக்லஹோமா, மொன்டானா, அரிசோனா பக்கங்களில், தலைமுறை தாண்டிய பழக்கம். அந்த உலகத்தின் மொத்தக் கணக்கும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

ஆடு மேய்த்துத் தோற்றவர்

ரெமிங்டன் கவ்பாய் கிடையாது. 1861-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். கான்சாஸில் பண்ணை வாங்கி ஓராண்டு சொச்சம் ஆடு வளர்த்துப் பார்த்தார், சரிப்படவில்லை. பிறகு பத்திரிகைகளுக்கு மேற்கத்திய வாழ்க்கையைப் படம் வரைந்தே பெயர் வாங்கினார். களிமண்ணைத் தொட்டபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1909-ல் 48 வயதில் இறப்பதற்குள் செய்த சிலைகள் 22 மட்டுமே.

அவருக்குச் சமமாகச் சொல்லப்படும் சார்லஸ் ரஸ்ஸல் நேர் எதிர். 16 வயதில், 1880-ல், மொன்டானாவுக்குப் போய் பத்து வருடத்துக்கும் மேல் மாட்டு மந்தைகளோடு நிஜமாகவே வேலை பார்த்தவர். ரஸ்ஸலின் குதிரை நிற்கும் விதத்தைப் பார்த்தாலே, இந்த ஆள் சேணத்தில் தூங்கியிருக்கிறார் என்று தோன்றும். ரெமிங்டனின் குதிரையிடம் வேகம் இருக்கிறது, கூடவே கொஞ்சம் நாடகமும். எனக்கு ரஸ்ஸல் கட்சி. ஏலக்கூடம் பெரும்பாலும் ரெமிங்டன் கட்சி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1895-ல் 'பிராங்கோ பஸ்டர்' வெளிவந்தபோதே அந்த வாழ்க்கை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. திறந்தவெளி மேய்ச்சல் நிலத்தை முள்கம்பி வேலி துண்டு துண்டாக வெட்டியிருந்தது. 1886-87 குளிர்காலத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு, எல்லைப்புறம் என்று தனியாகச் சொல்ல இனி ஒன்றும் இல்லை என்று அரசே அறிவித்துவிட்டது. ஆக, முதல் நாளிலிருந்தே இவை ஏக்கத்தை விற்ற சிலைகள். 1898-ல் கியூபா போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் தங்கள் தளபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுத்த பரிசும் ஒரு 'பிராங்கோ பஸ்டர்'தான்.

ஒரு சிலை எப்படி ஐம்பது ஆகிறது?

இதைப் புரிந்துகொள்ள சுவாமிமலையை நினைத்துக்கொள்வது நமக்குச் சுலபம். அங்கே ஸ்தபதி முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்வார். மேலே வண்டல் மண் பூசி, காயவைத்து, சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைக்கணும். மெழுகும் போச்சு, மண் அச்சும் போச்சு. கையில் இருப்பது ஒரே ஒரு சிலை. அதே மாதிரி இன்னொன்று வேண்டுமென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அமெரிக்க வார்ப்புப் பட்டறையிலும் மெழுகு உருகித்தான் வெளியேறுகிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி கூடுதலாக இருக்கிறது. சிற்பி களிமண்ணில் செய்த மூல உருவத்தின் மேல் ரப்பர் அச்சு எடுத்துவிடுவார்கள். அந்த ரப்பர் அச்சுக்குள் மெழுகை ஊற்றி, ஒரு மெழுகுப் பிரதி எடுக்கலாம். இன்னொன்றும் எடுக்கலாம். ஐம்பதுகூட எடுக்கலாம். ஒவ்வொரு மெழுகுப் பிரதிக்கும் பீங்கான் ஓடு கட்டி, மெழுகை உருக்கி எடுத்து, ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் மேல் கொதிக்கும் வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். பிறகு ஓட்டை உடைத்து, துண்டுகளைப் பற்றவைத்து, ஒட்டின தடம் தெரியாமல் தேய்த்து, கடைசியாக நெருப்பும் ரசாயனமும் வைத்து நிறம் ஏற்றுவார்கள். அந்த நிறத்துக்குத்தான் 'பாட்டினா' என்று பெயர்.

ரெமிங்டன் ஆரம்பத்தில் மணல் அச்சு முறையில் வார்க்கும் ஹென்றி-போனார் பட்டறைக்குப் போனார். 1900 வாக்கில் மெழுகு முறைக்குப் பேர்போன ரோமன் பிரான்ஸ் ஒர்க்ஸுக்கு மாறினார். அதன் பிறகுதான் அவர் கை கட்டவிழ்ந்தது. 'கமிங் த்ரூ தி ரை' சிலையில் நான்கு கவ்பாய்கள் துப்பாக்கியை உயர்த்திக்கொண்டு பாய்ந்து வருவார்கள். ஓரத்துக் குதிரை தரையைத் தொடவே தொடாது, பக்கத்துக் குதிரைதான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று, வார்ப்புக்குப் போகும் முன் மெழுகுப் பிரதிகளில் அவரே உட்கார்ந்து மாற்றங்கள் செய்வார். அதனால்தான் சில 'பிராங்கோ பஸ்டர்' கவ்பாய்களின் காலில் சாதாரணத் தோல் உறைக்குப் பதிலாக ரோமம் அடர்ந்த உறை இருக்கிறது. பிரதிகள்தான், ஆனால் அச்சு அசல் ஒன்றுபோல இல்லை. சேகரிப்பாளர்கள் இதற்கு உயிரை விடுகிறார்கள்.

12/50 என்றால் என்ன?

இன்றைய கவ்பாய் சிலையைத் திருப்பிப் பார்த்தால் 12/50 என்பது போல ஓர் எண் இருக்கும். ஐம்பது பிரதிகளில் இது பன்னிரண்டாவது என்று அர்த்தம். கூடவே சிற்பியின் கையெழுத்து, ஆண்டு, பட்டறையின் முத்திரை.

அந்த ஐம்பதை உலோகம் முடிவு செய்யவில்லை. ஐம்பத்தொன்றாவது பிரதியை எடுக்க அந்த அச்சுக்கு எந்தத் தடையும் கிடையாது. இனி எடுக்க மாட்டேன் என்று சிற்பி கொடுக்கும் வாக்குதான் அந்த எண். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது வெண்கலத்தோடு சேர்த்து அந்த வாக்கையும்தான். ஐம்பது முடிந்ததும் அச்சை உடைத்துவிடுவது மரியாதையான வழக்கம். அதையும் யாராவது உடைத்தால்தான் உண்டு.

வாக்கு மீறாமலேயே பிரதி கூட்டவும் வழிகள் இருக்கின்றன. எண்ணிக்கைக்கு வெளியே 'ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்' என்று சிற்பி தனக்காகச் சில பிரதிகள் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் 12/50-க்குப் பதிலாக ஏ.பி. என்று இருக்கும், பிற்பாடு அவையும் விற்பனைக்கு வரும். அதே உருவத்தைப் பாதி அளவில் செய்தால் அது புது எடிஷன். ஆளுயரத்தில் செய்தால் இன்னொரு புது எடிஷன். வாங்குவதற்கு முன் 'இது வேறு எந்த அளவில் வந்திருக்கு, ப்ரூஃப் எத்தனை?' என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

நேர்மாறாகவும் நடக்கும். பெரும்பாலான சிற்பிகள் ஐம்பதையும் ஒரே மூச்சில் வார்ப்பதில்லை, அவ்வளவு முதல் போட முடியாது. ஆர்டர் வர வர வார்ப்பார்கள். பதினைந்து விற்று நின்றுபோனால், உலகத்தில் இருப்பதே பதினைந்துதான். பொறித்திருப்பது என்னவோ ஐம்பது.

பிரான்ஸில் 'ஒரிஜினல்' என்று சொல்லிக்கொள்ள எட்டுப் பிரதிகளும் நான்கு ப்ரூஃபும்தான் எல்லை, மொத்தம் 12. அமெரிக்கா தாராளம். கலைஞரின் தார்மீக உரிமைகளைக் காக்க 1990-ல் வந்த சட்டம், எண்ணிட்டு அடையாளமிட்ட 200 வார்ப்புகள் வரை கலைப்படைப்பாக ஏற்கிறது.

இதில் ரெமிங்டன் எங்கே வருகிறார்? எங்கேயும் வரவில்லை! 'பிராங்கோ பஸ்டர்' லிமிடெட் எடிஷனாக வெளியிடப்பட்டதே இல்லை. கேட்கக் கேட்க வார்த்தார்கள். அவர் இறந்த பிறகும் மனைவி ஈவா அனுமதியோடு வார்ப்பு தொடர்ந்தது. 1918-ல் அவரும் போனதோடு முறையான வார்ப்பு முடிந்தது. அனுமதி பெற்ற பிரதிகளே 200-ஐத் தாண்டும்.

திருட்டு இல்லை, அசலும் இல்லை

இப்போது ஆன்லைனில் கிடக்கும் அந்தச் சில நூறு டாலர் சிலைக்கு வருவோம். ரெமிங்டன் படைப்புகளின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், நகல் என்று சொல்லி விற்கலாம். சட்டப்படி குற்றமில்லை. கையெழுத்து உருவத்தின் ஒரு பகுதி என்பதால், நகலோடு அதுவும் வந்துவிடுகிறது. அசல் என்று சொல்லி விற்கும்போதுதான் மோசடி ஆகிறது.

சிக்கல் இரண்டாவது தலைமுறையில் வரும். நகல் என்று தெரிந்தே தாத்தா வாங்கி ஹாலில் வைத்திருப்பார். அவர் போன பிறகு பேரன் பீடத்தில் கையெழுத்தைப் பார்ப்பான், கூகுளில் ஏல விலையைப் பார்ப்பான், அன்றைக்குத் தூக்கம் போய்விடும். அவனை யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஏலக்கூடத்துக்காரர் நகல் என்று சொல்லும்போது, தாத்தா தன்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்றுதான் தோன்றும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு டேப் போதும், பாதிக் கிணறு தாண்டிவிடலாம். வெண்கலம் ஆறும்போது சுமார் 2 சதவீதம் வரை சுருங்கும். முடிந்த சிலை ஒன்றின் மேல் அச்சு எடுத்து மறுபடி வார்த்தால், பிறப்பது கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும். 60 செ.மீ. சிலையில் ஏறக்குறைய ஒரு செ.மீ. காணாமல் போகும். நகலிலிருந்து நகல் எடுத்தால் இன்னும் குறையும். அருங்காட்சியகங்கள் அசலின் அளவை வெளியிட்டிருக்கின்றன, ஒப்பிட்டுப் பாருங்கள். விரல் நுனி, கடிவாள வார், தொப்பி விளிம்பு ஆகிய இடங்களில் கூர்மை மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தூக்கியும் பாருங்கள். வெண்கலப் பொடியைப் பிசினில் கலந்து அச்சிட்டவற்றை 'கோல்டு காஸ்ட் பிரான்ஸ்' என்ற கவுரவமான பெயரில் விற்கிறார்கள். அவை வெண்கலத்தை விட ரொம்ப லேசு. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் லேசாகச் சுரண்டும்போது வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகமாக இருக்கலாம். இதெல்லாம் தாண்டியும் சந்தேகம் இருந்தால் ஒரு கடைசி வழி உண்டு. ரோமன் பிரான்ஸ் ஒர்க்ஸின் பழைய கணக்குப் புத்தகங்கள் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் உள்ள ஏமன் கார்ட்டர் அருங்காட்சியக ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. ரெமிங்டன் வார்ப்புகளைச் சரிபார்க்கும் ஆய்வாளர்கள் கடைசியில் போய் நிற்பது அங்கேதான்.

இப்போது யார் செய்கிறார்கள், யாரைச் செய்கிறார்கள்?

1965-ல் அரிசோனாவின் செடோனா ஊரில், ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து சில ஓவியர்களும் சிற்பிகளும் 'கவ்பாய் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா' சங்கத்தைத் தொடங்கினார்கள். உயிரோடு இருக்கும் கலைஞர்களின் கவ்பாய் படைப்புகளுக்குப் பெரிய சந்தை உருவானதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. ஓக்லஹோமா சிட்டியின் தேசிய கவ்பாய் அருங்காட்சியகம் 1973 முதல் 'ப்ரீ டி வெஸ்ட்' கண்காட்சி நடத்துகிறது. அங்கே விற்பனை முறை கிட்டத்தட்ட நம்ம ஊர் சீட்டுக் குலுக்கல் மாதிரி. விலை முன்பே எழுதியிருக்கும். வேண்டியவர்கள் பெயரை எழுதிப் போடுவார்கள், யார் பெயர் வருகிறதோ அவருக்கு வாங்கும் உரிமை.

யாருடைய மேற்கு என்ற கேள்வியும் இப்போது கூடவே வருகிறது. மாடு மேய்க்கும் தொழிலை மெக்சிகோவின் வாக்கேரோக்களிடமிருந்துதான் கவ்பாய்கள் கற்றார்கள். ரோடியோ, லேரியட், ராஞ்ச் என்று வார்த்தைகளே ஸ்பானிஷிலிருந்து வந்தவை. கறுப்பின கவ்பாய்களும் கணிசமாக இருந்தார்கள். பழைய சிலைகளில் அவர்களைத் தேடத்தான் வேண்டும். ரெமிங்டனின் கடிதங்களில் பூர்வகுடிகள், குடியேறிகள் மீதான வெறுப்பு வெளிப்படையாகவே இருக்கிறது. சிலையை ரசிக்கிறவர்கள் அதையும் தெரிந்தே ரசிக்கட்டும்.

இந்தப் பக்கத்தில் ஒரு பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஆலன் ஹவுசர் (1914-1994). அப்பாச்சி இனத்தில் பிறந்த சிற்பி. மழை வேண்டி வானத்தை நோக்கி அம்பு எய்யும் இளைஞனை வெண்கலத்தில் செய்தார். அந்த உருவம் 2017-க்கு முன் சில ஆண்டுகள் ஓக்லஹோமா மாநில வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே இருந்தது.

எப்படியோ ஒரு நல்ல வார்ப்பு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், வாங்கிய ரசீதையும் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். சிலையை விற்கும் நாளில் முதலில் கேட்பது அதைத்தான். தூசியை மெல்லிய துணியால் துடைத்தால் போதும், எப்போதாவது நிறமற்ற மெழுகு பூசலாம். குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுப் பளபளன்னு தேய்த்துவிடாதீர்கள். சிற்பியும் பட்டறையும் நெருப்பு வைத்து ஏற்றிய அந்தப் பழுப்பு நிறம் போய்விட்டால், 12/50 என்ற எண் மட்டும் மிச்சமிருக்கும்.