கடலோரத்தில் 'தீவிரவாதி' பிடிபட்டாரா? ஃபார்வர்டு செய்யும் முன் ஒரு நிமிடம்!

ஆரோவில்லில் இருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வழியெங்கும் மீனவக் குப்பங்கள். மரக்காணத்தை நெருங்கினால் உப்பளங்கள். இந்தக் கடலோரத்தில் திடீரென வாகனச் சோதனை, கடலில் ரோந்துப் படகு, 'தீவிரவாதி' வேடத்தில் வந்தவர்களை போலீஸ் மடக்குவது என்று பரபரப்பாக இருந்தால், அது 'சாகர் கவச்' ஒத்திகையாக இருக்கலாம். 2008-ல் 10 தீவிரவாதிகள் கடல் வழியாக மும்பைக்குள் நுழைந்த பிறகு வந்த ஏற்பாடு இது.

ஒத்திகை வீடியோ நிஜமாகப் பரவினால்?

2019 ஏப்ரல் 26-ல் பெங்களூரு போலீஸுக்கு ஒரு போன். ராமநாதபுரத்தில் 19 தீவிரவாதிகள் இருக்காங்க, தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் தாக்கப்போறாங்க என்றார் பேசியவர். உடனே மற்ற மாநிலங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. பாம்பன் பாலம் வரை சோதனை நடந்தது. கடைசியில் அது புரளி என்று தெரிந்து, பேசியவர் கைதானார். இலங்கை ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து ஐந்தே நாள் என்பதால் பயம் இரட்டிப்பானது.

இலங்கை சொல்லும் பாடம் என்ன?

தாக்குதல் பற்றி முன்கூட்டியே உளவு எச்சரிக்கை வந்திருந்தும், அது தேவாலயங்களுக்கோ மக்களுக்கோ போய்ச் சேரவில்லை. குண்டுகள் வெடித்த பிறகு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் முடக்கப்பட்டன. பலர் விபிஎன் வழியாக உள்ளே போனார்கள். முதலில் 359 என்று அறிவிக்கப்பட்ட பலி எண்ணிக்கை, பிறகு 253 ஆகக் குறைக்கப்பட்டது. 'உறுதியானது இவ்வளவுதான், அடுத்த தகவல் இத்தனை மணிக்கு' என்று அரசு நேராகச் சொல்லிவிட்டால், வதந்திக்கு இடம் குறையும்.

நேரலை ஏன் கூடாது?

மும்பையில் கமாண்டோக்களின் நகர்வை டிவியில் பார்த்தே, பாகிஸ்தானில் இருந்தவர்கள் தீவிரவாதிகளுக்கு போனில் வழிகாட்டினார்கள். அதனால்தான் 2015-ல் கேபிள் டிவி விதி திருத்தப்பட்டது. நடவடிக்கை முடியும்வரை நேரலை கிடையாது. அரசு நியமிக்கும் அதிகாரி அவ்வப்போது தரும் தகவலை மட்டுமே சேனல்கள் சொல்லலாம். உங்கள் கையில் இருக்கும் போனும் ஒரு கேமராதான்.

ஆரோவில் பகுதிக்கு என்ன தேவை?

50-க்கும் மேற்பட்ட நாட்டினர் வாழும் இடம் அது. தமிழில் மட்டும் அறிவித்தால் அவர்களில் பலருக்குப் புரியாது. ஆங்கிலத்தில் மட்டும் சொன்னால் குப்பத்துக்குப் போய்ச் சேராது. இரண்டிலும் ஒரே நேரத்தில், ஒரே தகவல் வர வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

கடலில் சந்தேகப் படகைக் கண்டால் 1093, மற்ற அவசரத்துக்கு 112. முதலில் போன் பண்ணுங்க. குரூப்பில் போடுவது அப்புறம். அதுவும் போலீஸ் உறுதி செய்த பிறகு.