தறி ஓயாத ஊரில் தரித்திரம்

வேலையில்லாத வீட்டில்தான் தரித்திரம் குடியிருக்கும் என்ற எண்ணம், காவிரிக் கரையில் இரவு பகலாக விசைத்தறிகள் இரையும் பள்ளிபாளையத்தையும் குமாரபாளையத்தையும் பார்த்தவர்களிடம் நிலைப்பதில்லை. வேலை வேண்டுமென்றால் இங்கே கிடைக்கும். புருஷனும் பெண்சாதியும் ஒரே பட்டறையில் தறி ஓட்டுவதும் சகஜம். இங்கிலாந்தின் யார்க் நகரத்து வறுமையை ஆராய்ந்து ரௌண்ட்ரீ 1901-இல் வெளியிட்ட நூலில், கடும் வறுமையில் உழன்றோரில் சரிபாதிக்கு மேற்பட்டோரின் குடும்பத்தலைவர் நிரந்தர வேலையில் இருந்தார் என்றும், கூலியின் சொற்பமே காரணம் என்றும் கண்டாரே, அந்த நிலைமைதான் இங்கும்.

பல தறிகளுக்கு நடுவே பன்னிரண்டு மணி நேரம் நின்றும் நடந்தும், அறுந்த பாவு இழையை முடிந்தும், தீர்ந்த தாரை எடுத்து நாடாவில் மாற்றியும், பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் காதில் விழாத இரைச்சலில் உழைப்பவருக்குக் கூலி மீட்டர் கணக்கில்தான். நூல் வராவிட்டாலும், மின்சாரம் நின்றாலும், அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

வாரக் கூலி வயிற்றுக்கே சரியாகிவிடுவதால், பிள்ளையின் காதுகுத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்க நேர்கிறது. 'பாக்கி' எனப்படும் அது தீராமல் பட்டறையை விட்டுப் போக முடியாது. புது முதலாளி அதை அடைத்து ஆளை எடுத்துக்கொண்டால், கடன் கைமாறுமே தவிரக் குறையாது. ஆள் கிடைப்பது அருமையான காலத்தில் தொழிலாளரே பேரம் பேசிப் பாக்கி வாங்கினர் என்று இப்பகுதியை ஆராய்ந்த கீர்ட் டி நேவ் 1999-இல் எழுதியது மெய்யே. ஆயினும், கூலியாக வரவேண்டிய பணம் கடனாக வந்ததை லாபம் என்று நான் ஒப்பமாட்டேன்.

அந்தக் கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்களிடம் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025-இல் வெளியாகி, உயர்நீதிமன்றம் சிறப்பு விசாரணைக்கு உத்தரவிட்டதே சாட்சி. உறுப்பு வியாபாரத்தை 1994-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. ஆனால் தரகனை மட்டும் பிடித்தால் போதாது.

குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. எட்டு மணி நேர உழைப்புக்கு அந்தக் கூலியாவது கைக்கு வரும்படி மீட்டர் விகிதத்தை நிர்ணயிக்க வேண்டும். பாக்கிக் கணக்குகளைப் பட்டறை பட்டறையாகச் சென்று பார்க்க வேண்டும். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறிடம் போகவிடாமல் தடுப்பது கொத்தடிமை முறை என்றும், அக்கடன் செல்லாது என்றும் 1976-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அதை நிறைவேற்றும் பொறுப்பையும் மாவட்ட ஆட்சியரிடமே ஒப்படைத்திருக்கிறது.