டீசலை மாற்றிவிடலாம், பணிமனையை?

சிங்கப்பூர்ச் சாலைகளில் ஏறக்குறைய 6,000 பொதுப் பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றில் பாதியை 2030ஆம் ஆண்டுக்குள் மின்சாரப் பேருந்துகளாக மாற்ற வேண்டும், 2040க்குள் எல்லாப் பேருந்துகளும் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இலக்கு. அரசாங்க அமைப்புகளின் கார்களுக்கும் ஒரு கெடு உண்டு. 2023 முதல் பொதுத்துறை வாங்கும் புதிய கார்கள் தூய்மையான எரிசக்தி வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். 2035க்குள் பொதுத்துறையின் கார்கள் அனைத்தும் அப்படி மாறிவிட வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கும் எனக்கு, சென்ற தவணையில் போக்குவரத்தையும் எரிசக்தியையும் பற்றிய ஒரு பாடம் இருந்தது. என் தாய்மாமா 26 ஆண்டுகளாகப் பேருந்துப் பணிமனையில் பழுதுபார்ப்பவராக வேலை செய்கிறார். வகுப்பில் ‘வாகன மாற்றம்’ என்று இரண்டே சொற்களில் முடிந்துபோகும் விஷயம், மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மிகப் பெரியதாகத் தெரிந்தது.

ஏன் அரசாங்க வாகனங்கள் முதலில்?

தனியார் காரை மின்சாரக் காராக மாற்றுவது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. விலை, உரிமைச் சான்றிதழ், புளோக்குக்குக் கீழே மின்னூட்டி இருக்கிறதா என்று ஆயிரம் கேள்விகள் எழும். பேருந்துகளின் நிலை வேறு. 2016ல் பேருந்துக் குத்தகை முறை நடப்புக்கு வந்த பிறகு, பேருந்துகளும் பணிமனைகளும் அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. நிறுவனங்கள் ஏலத்தில் வென்று சேவையை நடத்துகின்றன. ஆகவே எந்தப் பேருந்தை எப்போது வாங்குவது என்று ஓர் ஆணையமே முடிவெடுக்க முடியும்.

இன்னொரு வசதியும் உண்டு. பேருந்து எந்த வழியில் போகும், ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடும், இரவு எங்கே நிற்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். நாளின் பெரும்பகுதி கார்நிறுத்துமிடத்தில் நிற்கும் காருடன் ஒப்பிட்டால், காலை முதல் நள்ளிரவுவரை ஓடும் பேருந்தை மாற்றுவதில் பலன் பல மடங்கு.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. ஒரு பேருந்தை வாங்கினால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டலாம். இன்று ஒரு டீசல் பேருந்தை வாங்கினால் அது 2040க்குப் பிறகும் ஓடத் தகுதியோடு இருக்கும். இலக்கு தொலைவில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் வாங்கும் முடிவை இப்போதே எடுத்தாக வேண்டும்.

உண்மையிலேயே புகை குறைகிறதா?

நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. “நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்துதானே வருகிறது? புகையைப் பேருந்திலிருந்து மின்நிலையத்துக்கு மாற்றுவதில் என்ன பயன்?” என்பார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு டீசல் பேருந்து 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 45 லிட்டர் டீசல் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். மொத்தம் சுமார் 120 கிலோ. அதே தூரத்துக்கு மின்சாரப் பேருந்துக்குக் குளிரூட்டியையும் சேர்த்து 130 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகும் என்று கொள்வோம். நம் மின்கட்டமைப்பில் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறக்குறைய 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மொத்தம் 52 கிலோ. பாதிக்கும் குறைவு.

டீசல் இயந்திரம் எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது என்பது இதற்கு ஒரு காரணம். மின்சார மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக் போடும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி, வேகத்தின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அடிக்கடி நின்று புறப்படும் நகரப் பேருந்துக்கு இது மிகவும் பொருத்தமானது.

கரியமில வாயுவைத் தாண்டி இன்னொரு பலனும் உண்டு. டீசல் புகையில் நுண்துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் இருக்கின்றன. நம் பேருந்துச் சந்திப்பு நிலையங்கள் பல, வீடுகளுக்கும் கடைத்தொகுதிகளுக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன. பேருந்துகளின் புகைக்குழாய்கள் மறைந்தால், வரிசையில் நிற்கும் நமக்கும் அங்கேயே நாள் முழுவதும் வேலை செய்பவர்களுக்கும் உடனே பலன் கிடைக்கும்.

பேருந்தை வாங்கினால் மட்டும் போதாது

2018ல் நிலப் போக்குவரத்து ஆணையம் 60 மின்சாரப் பேருந்துகளுக்கு 50.64 மில்லியன் வெள்ளிக் குத்தகைகளை வழங்கியது. அவற்றில் முதல் தொகுதி 2020ல் சாலைக்கு வந்தது. 2023ல் 360 பேருந்துகளுக்கு 166.4 மில்லியன் வெள்ளி. இரண்டிலும் பேருந்து வகைகளும் வசதிகளும் வேறுபடுவதால் நேரடியாக ஒப்பிட முடியாது. இருந்தாலும் சராசரி விலை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்க்கலாம்.

விலை இறங்கினாலும் பணிமனை என்ற சிக்கல் அப்படியே இருக்கிறது. டீசல் பேருந்துக்குச் சில நிமிடங்களில் எண்ணெய் நிரப்பிவிடலாம். மின்சாரப் பேருந்துக்கு மணிக்கணக்கில் மின்னூட்ட வேண்டும். ஒருங்கிணைந்த கிழக்குக் கடற்கரைப் பணிமனையில் 220 ரயில்களும் 550 பேருந்துகளும் நிறுத்தப்படும். அந்த 550 பேருந்துகளும் மின்சாரத்தில் ஓடுபவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் 100 கிலோவாட் இழுத்தால் 55 மெகாவாட் ஆகிவிடும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அவ்வளவு மின்சாரத்துக்குத் தடித்த கம்பிகள், துணைமின்நிலையம், தீத்தடுப்பு ஏற்பாடு எல்லாம் வேண்டும். எந்தப் பேருந்து முதலில் புறப்படும், எதற்கு எப்போது மின்னூட்டுவது என்று திட்டமிடும் மென்பொருளும் வேண்டும்.

சீனாவின் ஷென்சென் நகரம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் அங்குள்ள 16,000க்கும் அதிகமான பேருந்துகளும் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. மானியமும் மின்னூட்டு நிலையங்களும் பேருந்துகளோடு சேர்ந்தே வந்ததால்தான் அது முடிந்தது.

மாமாவின் ஆரஞ்சுக் கம்பிகள்

இனி மாமாவுக்கு வருகிறேன். அவருக்கு வயது 53. டீசல் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் வேலை செய்யும் பணிமனைக்கும் மின்சாரப் பேருந்துகள் வரத் தொடங்கியதும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சிக் குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. மாமாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் வேலையிடத்து ஆங்கிலமும் பாடப்புத்தக ஆங்கிலமும் ஒன்றல்ல.

“நீ இதைத்தானே படிக்கிறாய், கொஞ்சம் சொல்லிக்கொடும்மா” என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம்.

மின்சாரப் பேருந்தில் ஆரஞ்சு நிற உறையுள்ள கம்பிகளைக் கண்டால் அது உயர் மின்னழுத்தம். பல நூறு வோல்ட். வீட்டில் நாம் பயன்படுத்துவது 230 வோல்ட்தான். அதோடு, மின்கலத்தைத் துண்டித்த பிறகும் சில பாகங்களில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும். அது வடியும்வரை காத்திருந்து, கருவியால் அளந்து, சுழி என்று உறுதியான பிறகே தொட வேண்டும். குறிப்பில் இது அரைப்பக்க ஆங்கிலமாக இருந்தது. நாங்கள் அதை நான்கு சொற்களில் எழுதி ஒட்டிக்கொண்டோம்: துண்டி, காத்திரு, அளந்துபார், தொடு.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “இத்தனை வருஷமா காதை நம்பி வேலை பார்த்தேன். டீசலில் ஏதாவது சரியில்லை என்றால் சத்தம் போடும், புகையும், சுடும். இது எதுவுமே சொல்லாதும்மா. உயிரோடு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது.”

அவருடைய பயத்தை மாற்றத்துக்கு எதிரான பிடிவாதமாக நான் பார்க்கவில்லை. தன் புலன்களை நம்பியே திறமையை வளர்த்துக்கொண்ட ஒருவரிடம், இனி அளவுக் கருவியை மட்டும் நம்பு என்கிறோம். எழுத்துத் தேர்வில் அவர் தேறிவிட்டார். செய்முறைத் தேர்வு இன்னும் பாக்கி. அவரைவிட மூத்த சக ஊழியர் ஒருவர் பயிற்சிக்குப் போகவில்லை. கடைசி டீசல் பேருந்து இருக்கும்வரை அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அப்படிப்பட்டவர்களும் தேவைதான். அடுத்த பல ஆண்டுகளுக்கு இரண்டு வகைப் பேருந்துகளும் ஒரே பணிமனையில்தான் நிற்கப் போகின்றன.

எனக்கு ஆறுதலாக இருந்தது இதுதான்: மாமாவின் திறமையில் பெரும்பகுதி வீணாகப் போவதில்லை. பிரேக், சக்கரம், கதவு, குளிரூட்டி, திசைதிருப்பி எல்லாம் மின்சாரப் பேருந்திலும் இருக்கின்றன. மின்வாகனங்களைப் பாதுகாப்பாகக் கையாளத் தேசிய அளவிலான சான்றிதழ்ப் பயிற்சியும் நடக்கிறது. அதன் பாடக் குறிப்புகள் எளிய மொழியில், முடிந்தால் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இருந்தால் எத்தனையோ பேருக்கு உதவும் என்பது என் எண்ணம். உயிரோடு விளையாடும் வேலையில் ஒரு சொல் புரியாமல் போவது சிறிய விஷயமில்லை.

மின்கலத்துக்குப் பிறகு?

மின்சார வாகனத்தால் எந்தக் கெடுதலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மின்கலத்துக்குத் தேவையான கனிமங்களை யாரோ எங்கோ தோண்டுகிறார்கள். காங்கோவின் கோபால்ட் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது உலகம் அறிந்தது. பேருந்துகளில் பரவலாகப் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்களில் கோபால்ட் இல்லை. அது ஒரு நல்ல செய்தி. பயன்படுத்தி முடித்த மின்கலங்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. மின்வாகன மின்கலங்களும் 2021ல் தொடங்கிய மின்னணுக் கழிவுத் திட்டத்துக்குள் வருகின்றன. துவாசில் லித்தியம் மின்கல மறுசுழற்சி ஆலை ஒன்றும் அதே ஆண்டு திறக்கப்பட்டது. இன்று வாங்கும் பேருந்துகளின் மின்கலங்கள் ஓய்வுபெறும் காலத்தில் இத்தகைய ஆலைகள் இன்னும் பல தேவைப்படும்.

அரசாங்கக் கார்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 100 பெட்ரோல் கார்களை 100 மின்சாரக் கார்களாக மாற்றுவது ஒரு வழி. அந்த 100 கார்களும் தேவையா, பகிர்ந்துகொண்டால் 70 போதுமா என்று முதலில் கேட்பது இன்னொரு வழி. வாங்காத காருக்கு மின்கலமும் வேண்டாம், மின்னூட்டியும் வேண்டாம். நிற்கும் இடமும் மிச்சம். ஆண்டறிக்கையில் எத்தனை கார்கள் மாறின என்பதோடு எத்தனை கார்கள் குறைந்தன என்ற எண்ணும் இருந்தால், அதைத்தான் முதலில் படிப்பேன்.

உயர்நிலைப் பள்ளியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ இருக்கும் உங்களுக்கு இது தொலைவான செய்தி அல்ல. 2040ல் உங்களுக்கு முப்பதை ஒட்டிய வயது இருக்கும். பணிமனையின் மின்சுமையைத் திட்டமிட மின்பொறியாளர் வேண்டும். மின்னூட்டும் நேரத்தைக் கணிக்க நிரலர் வேண்டும். மின்கலத்தைப் பிரித்தெடுக்க வேதியியல் படித்தவர் வேண்டும். பயிற்சிக் குறிப்பை ஒரு 53 வயதுக்காரருக்குப் புரியும்படி எழுத மொழி தெரிந்தவரும் வேண்டும். இந்த வேலைகளில் ஏதாவது ஒன்று உங்களை இழுத்தால், அடுத்த தவணைக்குப் பாடம் தேர்வுசெய்யும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் செய்முறைத் தேர்வு அடுத்த மாதம். கையுறையைப் போட்டுக்கொண்டு அளவுக் கருவியைப் பிடித்துப் பழக, பணிமனையில் வேலை நேரம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் தங்குகிறாராம்.