ஆலை மூடிய பின் மண்ணை ஆராயும் முறை

வயலின் வளத்தை அறிய விரும்பும் விவசாயி, பல இடங்களில் மேல்மண்ணை எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புகிறார். பயிருக்கு வேண்டிய சத்துக்களை அறிய இம்முறை ஏற்றதே. ஆனால் ஆலைக் கழிவால் கெட்ட நிலத்திற்கு இது போதாது. நஞ்சுள்ள ஒரு பிடி மண், நஞ்சற்ற பத்துப் பிடிகளில் கலந்து மறைந்துவிடும். நஞ்சு எங்கே, எவ்வளவு ஆழத்தில் உள்ளது, எத்திசையில் நகர்கிறது என்பவையே இங்கு அறிய வேண்டியவை.

இதற்கு இராணிப்பேட்டை தக்க சான்றாகும். தோல் பதனிடுதலுக்கு வேண்டிய குரோமிய உப்புக்களைச் செய்துவந்த ஆலையொன்று அங்கே 1990களின் இடையில் மூடப்பட்டது. ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு ஆலை வளாகத்திலேயே குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்த குரோமியம் கரைந்து நிலத்தடி நீரிற் கலந்தது. ஆலை நின்றது, நஞ்சின் பயணம் நிற்கவில்லை.

குரோமியத்தில் இருவகை முக்கியமானவை. மூவிணைய குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டி நிற்கும். அறுவிணைய குரோமியமோ நீரோடு எளிதில் ஓடும். புற்றுநோய் விளைவிப்பது என உறுதி செய்யப்பட்டதும் இதுவே. ஆகவே, மண்ணில் குரோமியம் மொத்தம் எவ்வளவு என்பதோடு, அறுவிணைய வகை எவ்வளவு என்பதையும் ஆய்வுக்கூடத்தில் தனியே கேட்டறிதல் அவசியம்.

ஆராய்ச்சி, மண்வெட்டியைத் தொடுமுன் தொடங்குகிறது. ஆலையில் என்ன செய்தார்கள், கழிவுநீர் எவ்வழி ஓடியது, எந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்பவற்றை முதலில் திரட்ட வேண்டும். ஆலையில் வேலை பார்த்த முதியவர்களும் அக்கம்பக்கத்து விவசாயிகளும் அறிந்தவை பல, எந்தக் காகிதத்திலும் இரா. பின்னர் நிலத்தைச் சுற்றிப் பார்த்து, மஞ்சள் கறை, புல் முளைக்காத திட்டு ஆகியவற்றை வரைபடத்திற் குறிக்க வேண்டும். ஆனால், கறை இல்லாத இடமெல்லாம் தூய இடம் என்று எண்ணிவிடலாகாது.

அதன்பின், நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் ஆழத்திற்கேற்ப மண்ணைத் தனித்தனியே எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் கருவியைக் கழுவுவார்கள். மேட்டுப்புறத்தில், கழிவு எட்டாத இடத்து மண்ணையும் ஒப்புநோக்க எடுப்பார்கள். ஏனெனில் இயற்கையான மண்ணிலும் சிறிது குரோமியம் உண்டு. ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தையேனும் அளந்தால், நிலத்தடி நீர் எத்திசையில் நகர்கிறது என்பது விளங்கும். மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரைச் சோதிப்பது நலம். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருத்தல் கூடாது. காய்ச்சுவதால் அது நீங்காது.

வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மாசுபட்ட இடங்களைப் பற்றி மத்திய அரசு 2025-இல் விதிகளை வெளியிட்டது. ஐயத்திற்குரிய இடத்தைப் பற்றி உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ தெரிவித்தபின், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களில் முதனிலை மதிப்பீடு செய்யவும், தேவையானால் விரிவான ஆய்வு நடத்தவும் அவற்றில் வழி வகுக்கப்பட்டுள்ளது.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை சில உள. மூடிய ஆலையின் வரலாற்றை எழுதி வைத்து, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். அங்குள்ள மண்ணையோ கழிவையோ சாலைக்கும் வீட்டு மனைக்கும் நிரப்ப எடுப்பதைத் தடுக்க வேண்டும். தாழ்வான புறத்தில் புதுக் கிணறு வெட்டுமுன் அருகிலுள்ள நீரைச் சோதிக்கச் செய்ய வேண்டும். மண்ணைத் தோண்டும் பணியை மட்டும், தக்க காப்புடைய பயிற்சி பெற்றவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

கெட்ட மண்ணைத் திருத்தப் பல ஆண்டுகளும் பெரும்பொருளும் வேண்டும். கேடு எதுவரை பரவியது என்பதைக் காலத்தே அறிந்தால், அடுத்த வயலையும் அடுத்த கிணற்றையுமேனும் காத்துக்கொள்ளலாம்.