மீன்வழிச் சிறுபாலம்

சிறுபாலம் என்பது ஓடை அல்லது வாய்க்காலின் நீர் சாலைக்கு அடியில் கடந்து செல்ல அமைக்கப்படும் கட்டுமானம் ஆகும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி இதன் நீளம் 6 மீட்டருக்கு மிகாது.

காஞ்சிபுரத்தை ஒட்டி ஓடும் வேகவதி பாலாற்றில் கலக்கிறது. சுற்றியுள்ள ஏரிகள் பலவற்றை வரத்துக் கால்வாய்களும் கலங்கல் ஓடைகளும் இணைக்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் கெண்டை, கெளுத்தி போன்ற மீன்கள் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறி, ஆழம் குறைந்த இடங்களில் முட்டையிடுகின்றன.

தடை ஏற்படும் விதம்

குறுகிய குழாயில் நீரின் வேகம் கூடுகிறது. அந்த வேகம் குழாயின் வெளிவாயில் மண்ணை அரித்துப் பள்ளமாக்குகிறது. நாளடைவில் குழாய் அந்தரத்தில் நிற்க, நீர் அருவிபோல் விழுகிறது. சிறு மீன்களால் அந்த உயரத்தைத் தாண்ட முடிவதில்லை.

மாற்றும் முறை

பழைய சிறுபாலத்தை இடித்துக் கட்டும்போதே இக்குறையை நீக்கலாம்.

1. ஓடையின் இயல்பான அகலத்தைவிட அகலமான பெட்டி வடிவம் வேண்டும்.
2. அதன் அடித்தளம் ஓடைத் தரைக்குக் கீழே பதிய வேண்டும். மேலே கல்லும் மணலும் பரப்ப வேண்டும்.
3. சரிவு ஓடையின் சரிவை ஒத்திருக்க வேண்டும்.
4. நீர் வற்றிய கோடையில் தொடங்கி, மழைக்கு முன் பணியை முடிக்க வேண்டும்.

அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் சால்மன் மீன்களைத் தடுத்த சிறுபாலங்களை மாற்றுமாறு 2013-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றத்திலும் அவ்வாணை நிலைத்தது. அங்கு பழங்குடியினரின் மீன்பிடி உரிமையே வழக்கின் அடிப்படை.

சிறுபாலம் பல பத்தாண்டுகள் நிற்கும். தவறாக அமைந்தால், அத்தனை ஆண்டுகளும் மேலுள்ள ஏரிக்கு மீன் ஏறுவது தடைப்படும்.